விலாசம் இல்லாத முத்திரைகள்

அரைக் குயர் நோட்டு ஒன்றின் வலது பக்கங்களில் அளவுகோல் வைத்து ஐந்து கட்டங்கள் போட்டிருந்தேன். எண், துறைமுகம், தேதி, கப்பல், தெளிவு. தெளிவு என்ற கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றைத்தான் எழுதுவேன்: நன்று, சுமார், மோசம். இடது பக்கங்களில் முத்திரைகளை ஒட்டியிருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. கடலைப் பார்த்ததில்லை. ஆனால் எந்த மாதம் எந்தக் கப்பல் கொச்சியில் நின்றது, எப்போது விசாகப்பட்டினத்துக்குப் போனது என்று கேட்டால் நோட்டைத் திறக்காமலே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அப்பா கடற்படையில் இருந்தார். கப்பலின் அடித்தட்டில், கொதிகலன் பக்கத்தில் அவருக்கு வேலை. இது கிழட்டுக் கப்பல், வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது, ஓடுகிற நாளைவிட ரிப்பேருக்கு நிற்கிற நாள்தான் அதிகம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதிலிருந்து மாற்றலாகிப் போன கப்பலுக்கும் ஏறக்குறைய அதே வயது. வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அவரை அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் பழகும் சமயத்தில் விடுப்பு முடிந்துவிடும்.

ஒன்பது வயதுவரை என்னைத் திருவையாற்றுப் பக்கம், அப்பாவைப் பெற்ற தாத்தா வீட்டில் விட்டிருந்தார்கள். ரேஷன் கார்டில் எங்கள் மூவர் பெயரும் அங்கேதான் இருந்தது. அப்பாவின் மணியார்டரும் தாத்தா பெயருக்கே வரும். அம்மா மட்டும் பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில், பண்ணை நிலத்தில் இருந்த குடிசையில் தனியாக இருந்தாள். அவளைப் பெற்றவர்கள் பண்ணையாட்களாக வாழ்ந்து முடிந்த குடிசை அது. பண்ணை வேலைக்குப் போகிறவரை குடிசை உண்டு; வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். அதனால் அவள் எங்கும் போகவில்லை. அவளுக்கு வந்தவை கடிதங்கள் மட்டும்.

தாத்தாவுக்குக் கண் மங்கியதும் என்னை அம்மாவிடம் கொண்டுவந்து விட்டார்கள். அம்மாவோடு இருக்கப் போகிறேன் என்றுதான் வந்தேன். அவள் விடியுமுன் நடவுக்கோ களைக்கோ போய்விடுவாள். வெளிச்சம் போன பிறகு வருவாள். சோறு வடித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தெருவில் என் வயதுப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போயின. வீட்டில் பார்ப்பதற்கென்று இருந்தது ஒரு தகரப்பெட்டி. அதற்குள் அப்பாவின் கடிதங்களை, வந்த உறைகளோடு, புடவைக் கிழிசலில் சுற்றி வைத்திருந்தாள் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வருவதற்கு முன்பெல்லாம் கடிதம் வந்தால் மடியில் செருகிக்கொண்டு மளிகைக் கடை பாயிடம் போவாளாம். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில் படித்துக் காட்டுவாராம்.

கடிதங்களை நான் படித்தேன். நலம், நலமறிய ஆவல், மழை உண்டா என்பதற்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. பாப்பா படிக்கிறதா என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். உறைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. இடது மூலையில் ஊதா மையில் நீள்வட்டமாகக் கப்பலின் முத்திரை: சுற்றிலும் பெயர், நடுவில் நங்கூரம். வலது மூலையில் ஸ்டாம்பின் மேல் துறைமுகத்தின் வட்ட முத்திரை: ஊரும் தேதியும். அப்பா எங்கே இருக்கிறார் என்பதை அவர் எழுதியதைவிட அந்த இரண்டு முத்திரைகளும் தெளிவாகச் சொல்லின.

சேர்க்கலாம் என்ற யோசனை பள்ளிக்கூடத்தில் வந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்தவள் சபியா, அதே மளிகைக் கடை பாயின் மகள். அவளுடைய பெரியத்தா, அதாவது அவள் அப்பாவின் அண்ணன், பினாங்கில் இருந்தார். அங்கிருந்து வரும் உறைகளில் வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்புகள் இருக்கும். மதிய இடைவேளையில் அவற்றைப் பார்க்க அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். நானும் ஒருநாள் அப்பாவின் உறை ஒன்றைக் கொண்டுபோனேன்.

"என்னடி இது, குட்டி ஏரோப்ளேன் ஸ்டாம்ப்பு?" என்றாள் சபியா.

"எங்கப்பா அனுப்புனது."

"உங்கப்பா கப்பல்லதானே இருக்காரு? கப்பல்ல இருந்துக்கிட்டு ஏரோப்ளேன ஒட்டி அனுப்புறாரே. அவருக்கே அதுமேல நம்பிக்கை இல்ல போலருக்கு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் உறையை வெளிச்சத்தில் பிடித்து நங்கூரத்தைப் பார்த்தாள். "இது நல்லாருக்குடி. ஸ்டாம்ப்ப விடு, இந்தச் சீலு இருக்குல்ல, நீ இதச் சேத்து வை. யார்கிட்டயும் இருக்காது. ஆனா வெட்டிடாத. கவரு முழுசா இருந்தாத்தான் மதிப்புன்னு எங்க பெரியத்தா எழுதியிருக்காங்க."

முதல் யோசனையை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். உறையை முழுதாக ஒட்டினால் நோட்டில் பக்கத்துக்கு ஒன்றுதான் பிடிக்கும், வெட்டினால் ஆறு. அப்பா விட்டுப்போன சவர பிளேடு ஒன்றைப் பாதியாக ஒடித்து, இரண்டு மூலைகளையும் அளவாக வெட்டி எடுத்தேன். நடுவில் மிஞ்சும் துண்டில் இருந்தவை அம்மா பெயர், தெரு, ஊர், பின்பக்கத்தில் வந்து சேர்ந்த அன்று பாபநாசம் தபாலாபீசில் குத்திய முத்திரை. பாபநாசம் முத்திரை எல்லார் வீட்டுக் கடிதத்திலும் இருக்கிறது. அதைப் போய் யாராவது சேர்ப்பார்களா? மிச்சத் துண்டுகளை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். அம்மா அவற்றைத் திரித்து அடுப்புப் பற்றவைப்பாள். "நல்லா புடிக்குது, இன்னும் இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். இருந்தது. பெட்டியில் இருந்த கட்டு முழுவதையும் ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன்.

அப்பாவுக்கு அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது இப்போது என் வேலை. ஒருமுறை கடைசியில் என் சார்பில் ஒரு வரி சேர்த்தேன்: முத்திரையைத் தெளிவாகக் குத்தச் சொல்லவும். அடுத்த உறையில் நங்கூரம் இரண்டு முறை குத்தப்பட்டிருந்தது. ஒன்று மோசம், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று நன்று. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பேன்.

சபியாவோடு இருந்த இடைவேளைதான் நாளில் நான் வாய் திறந்து பேசிய நேரம். பள்ளி விட்டதும் அவள் கடைத்தெருவுக்குத் திரும்புவாள், நான் வாய்க்கால் கரையில் நடப்பேன். மறுநாள் இடைவேளைவரை பேச ஆள் கிடையாது.

அந்த வருஷம் ஊர் முழுவதும் மனைக்கட்டைப் பற்றியே பேசியது. குறிப்பிட்ட ஒரு தேதியில் விவசாயக் கூலிகள் எந்த மனையில் குடியிருந்தார்களோ, அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனது. சிவப்புக் கொடிக்காரர்கள் சைக்கிளில் வந்து எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்தார்கள். பண்ணை நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து குடிசைகளைப் பார்த்துவிட்டுப் போனார். பத்தொன்பது குடிசைகள். பதினெட்டுக்கு அவரால் ஆட்சேபணை சொல்ல முடியவில்லை. அந்த வீடுகளில் ஆண்கள் இருந்தார்கள், தலைமுறையாகப் பண்ணையாட்கள். பத்தொன்பதாவது எங்களுடையது. பட்டா கிடைக்காவிட்டால் அறுவடைக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

தாசில்தார் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு விசாரித்தார். எங்களுக்கு அரைநாள் விடுமுறை. ஒரு பிள்ளைகூட வீட்டுக்குப் போகவில்லை.

"நீங்க கேக்குற தேதியில இந்தம்மா இங்க இல்லீங்க," என்றார் காரியக்காரர். "ரேஷன் கார்டு திருவையாத்துப் பக்கம். புருஷன் மணியார்டர் அனுப்புறது அங்க. பொண்ணு படிச்சது அங்க. போன வருஷந்தான் வந்து கொட்டாயில குந்திக்கிட்டாங்க."

"நான் பொறந்ததே இந்தக் கொட்டாயிலதாங்க ஐயா," என்றாள் அம்மா.

"பொறந்தது சரி. கட்டிக்கிட்டுப் போனியா இல்லையா? ஊரு ஒலகத்துல கல்யாணம் ஆன பொண்ணு புருஷன் வீட்டுலதான் இருக்கும்."

"தெருவக் கேளுங்க ஐயா."

"தெரு ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லிக்கும்," என்றார் காரியக்காரர்.

தாசில்தார் களைத்துப்போயிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "கடுதாசி ஏதாச்சும் வருமாம்மா? அந்தத் தேதிக்கு முன்னால இந்த விலாசத்துக்கு வந்த கவரு ஒண்ணு இருந்தாப் போதும்."

அம்மா நிமிர்ந்தாள். "இருக்குங்க ஐயா. ஒண்ணு விடாம எம் பொண்ணு பத்திரமா வச்சிருக்கு. கடைக்கார பாய்தான் அப்பல்லாம் படிச்சுக் காட்டுவாரு. அவரக்கூடக் கேளுங்க."

பாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். தாசில்தார் அவர் பக்கம் திரும்பி, "என்ன பாய்?" என்றார். பாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "எத்தனையோ பேரு கொண்டாருவாங்க, படிச்சுக் குடுப்பேன். எந்த வருஷம், யாருக்குன்னு நெனப்பு இல்லீங்க," என்றார். அவர் கடை நின்ற இடமும் பண்ணையுடையது. அது எனக்குத் தெரிந்த விஷயம். ஊரில் எது யாருடையது என்று பட்டியல் போடச் சொல்லியிருந்தால் அந்த வரியையும் சரியாக எழுதியிருப்பேன். அந்த வரிக்கும் அவர் சொன்ன பதிலுக்கும் உள்ள தொடர்பு மட்டும் எனக்குத் தெரியாது.

நான் வீட்டுக்கு ஓடி நோட்டையும் கடிதக் கட்டையும் எடுத்துவந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஓடும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதன்முதலாக ஒருவர் என் நோட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

தாசில்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அழகா ஒட்டியிருக்கியே பாப்பா. கொச்சி, பம்பாய், போர்ட் பிளேர். தேதியெல்லாம் சுத்தமா இருக்கு." பிறகு முதலிலிருந்து இன்னொருமுறை புரட்டினார். "விலாசம் எங்க?"

"வெட்டிட்டேன் சார்."

"பின்னாடி பாபநாசம் சீல் இருந்திருக்குமே?"

"அது வேணாம்னு அடுப்புல போட்டாச்சு."

காரியக்காரர் எட்டிப் பார்த்தார். "புருஷன் எந்தத் தேதியில எந்தக் கடல்ல இருந்தாருன்னு புட்டுப் புட்டு வச்சிருக்குங்க. பொண்டாட்டி எங்க இருந்தாங்குறதுதான் இல்ல. ஒருவேள அவங்களும் கப்பல்லயே குடியிருந்தாங்களோ என்னவோ. அப்ப பட்டாவ அங்கயே போட்டுக் குடுத்துருங்க."

பலர் சிரித்தார்கள். அப்பா கடிதத்தின் தலைப்பில் கையால் எழுதிய தேதியை அம்மா காட்டினாள். கையால் எழுதுவதை நேற்றும் எழுதலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் கடைசி விசாரணை, ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று தாசில்தார் எழுந்தார்.

இப்போது மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மண் எடுத்த வயலின் பெயரும் எடுத்த தேதியும் ஒரே சீட்டில் இல்லாவிட்டால் அந்தப் பையை நான் வாங்குவதில்லை. ஒன்று இருக்கிறதே, போதாதா என்று சில விவசாயிகள் கோபித்துக்கொள்வார்கள். விளக்கம் சொல்வதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தி, குச்சியால் சாம்பலைக் கிளறினாள்.

"எல்லாத்தையுமா வெட்டுன?"

"ம்."

"சரி விடு. நானுந்தானே கொளுத்துனேன்."

பிறகு தகரப்பெட்டியைக் காலி செய்து, இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கிறாள். மூன்று பாத்திரம் வெளியே நின்றது. எல்லாவற்றையும் எடுத்து வேறு மாதிரி அடுக்கினாள். அப்போதும் இரண்டு நின்றது.

மறுநாள் நோட்டை எடுத்து முதலிலிருந்து சரிபார்த்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. பதினான்காம் எண்ணுக்கு எதிரே இடது பக்கம் காலியாக இருந்தது. வலது பக்கத்தில் என் கையெழுத்தில், மாற்றம், வண்ணத்துப்பூச்சி ஒன்று என்று இருந்தது. கொச்சி ஏற்கெனவே நான்கு இருந்ததால் ஐந்தாவதை வெட்டாமலே சபியாவிடம் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்கியிருந்தேன். முழு உறை. அதன் தேதி சட்டம் சொன்ன தேதிக்கு எட்டு மாதம் முந்தியது.

கடைக்கு ஓடினேன். பாய் கல்லாவில் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தெருவை இரு பக்கமும் பார்த்தார். "இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா. வீட்டுக்குப் போ," என்றார். உள் கதவுக்குப் பின்னால் சபியாவின் பாவாடை தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, வகுப்பு முழுவதும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏய், உங்கப்பா கவரு வேணுமாமே உனக்கு?"

"ஆமா. வண்ணத்துப்பூச்சியத் திருப்பித் தந்துடறேன்."

"அது யாருக்கு வேணும்? எங்கிட்ட எட்டு இருக்கு. உன் நோட்டக் குடு."

"நோட்டா?"

"முழுசா, அட்டையோட. ஒரு சீலு கொறையக் கூடாது."

"முப்பத்தேழு இருக்குடி. ஒரு கவருக்கு முப்பத்தேழா?"

"இஷ்டம்னா குடு. இல்லாட்டிப் போ."

நோட்டைக் கொடுத்தேன். அவள் அதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு முத்திரைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணச் சொன்னாள். இரண்டு நங்கூரம் இருந்த துண்டை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று ஒரு தகராறு வந்தது. ஒன்று என்று முடிவானது. சத்தம் கேட்டு வந்த வாத்தியாரிடம், "சார், அவ நோட்டுக்கு எங் கவரு, மாத்திக்கிறோம். பாத்துக்குங்க சார்," என்றாள். "என்னத்தையோ மாத்துங்க, கத்தாதீங்க," என்று அவர் போய்விட்டார். பிறகுதான் உறை என் கைக்கு வந்தது. சபியா நோட்டை அவசரமாகப் பையின் அடியில் செருகிக்கொண்டாள். பேராசை என்று நினைத்தேன். அன்று மதியம் என் பையைத் தூக்கிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

கடைசி விசாரணையில் தாசில்தார் உறையை முன்னும் பின்னும் திருப்பினார். முன்பக்கம் நங்கூரம், ஸ்டாம்ப், கொச்சி, அப்பாவின் கோணல் எழுத்தில் அம்மாவின் பெயரும் தெருவும் ஊரும். பின்பக்கம் பாபநாசம், வந்து சேர்ந்த தேதி. "ஒண்ணு போதும்னேன், ஒண்ணு வந்துருச்சு," என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

"போன வாரம் இல்லாதது இந்த வாரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் காரியக்காரர்.

நான் உள்ளதைச் சொன்னேன். "சபியாகிட்ட இருந்துச்சு. என் நோட்ட வாங்கிக்கிட்டுக் குடுத்தா."

காரியக்காரர் மெதுவாகத் திரும்பினார். "என்ன பாய், உங்க வீட்டுலேருந்தா வருது?"

"புள்ளைங்க ஸ்டாம்ப்ப மாத்திக்கிறது எனக்கெப்படிங்க தெரியும்?" என்றார் பாய். "ஒண்ணுக்கு முப்பத்தேழு வாங்கியிருக்கா எம் மவ. கணக்குல கெட்டிங்குறதத் தவிர நான் என்ன சொல்லட்டும்? பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருங்க. வாத்தியாரே பாத்தாராம்."

தாசில்தார் வாய்விட்டுச் சிரித்தார். வேறு வழியில்லாமல் காரியக்காரரும் சிரித்தார். அம்மா மட்டும் பாயை நிமிர்ந்து பார்த்து, பார்த்தபடியே நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன வாரம் நினைவில்லை என்றார்; இந்த வாரம் என்னைக் கொள்ளையடித்ததைப் பெருமையாகச் சொல்கிறார்.

சும்மா கொடுத்திருந்தால் அது சாட்சி சொல்வது போல. பண்ணை நிலத்தில் கடை வைத்திருப்பவர் அதைச் சொல்ல முடியாது. ஒரு வகுப்பே பார்க்க, என்மேல் யாரும் இரங்கும்படியான விலை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது பிள்ளை வியாபாரம். அதற்காக யாரையும் கடையைக் காலி செய்யச் சொல்ல முடியாது. இது எனக்கு விளங்க வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகவேண்டியிருந்தது. அந்த யோசனை பாயுடையதா, பத்து வயது சபியாவுடையதா என்பது இன்றும் தெரியாது.

கடை அங்கேயே இருந்தது. எங்களுக்கும் பட்டா வந்தது. நோட்டு போனதை அப்பாவுக்கு நான் எழுதவில்லை. அவர் உறைகளில் நங்கூரம் இரண்டு முறை குத்தப்பட்டே வந்துகொண்டிருந்தது. பள்ளியில் பின் பெஞ்சிலேயே இருந்தேன். அந்த வருஷம் முடிந்ததும் சபியாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திய பிறகு ஒருநாள் மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் எங்கள் தெருவுக்குள் அவள் வந்ததில்லை. அம்மா வயலில் இருந்தாள். சபியா வாய்க்காலின் மூங்கில் பாலத்தைப் பக்கவாட்டில் நடந்து கடந்து, வாசலுக்கு வெளியே நின்றாள்.

"இதானா உங்க வீடு?"

"ம்."

"பட்டா கையில வந்துருச்சாமே?"

"ம்."

"எங்கத்தா பாத்துட்டு வரச் சொன்னாங்க. கூரை புதுசாப் போட்டாச்சான்னு."

"போட்டாச்சு."

அவள் கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். "நல்லாருக்குடி," என்றாள். இன்னும் என்ன கேட்டு வந்திருக்கிறாளோ என்று நான் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கதவில் இருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு, "சரி, வர்றேன்," என்று திரும்பிப் பாலத்தில் மறுபடி பக்கவாட்டில் நடந்தாள்.

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. இந்த வாசலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அதை முதன்முதலாக அவளிடம்தான் காட்டினேன்.